இல்லை என்று இழுத்த கோடு

ஜனவரி 2, வெள்ளி

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. வருடா வருடம் வாங்கி வந்து தர்ஷினிக்கு ரஃப் நோட்டாகக் கொடுத்துவிடுவேன். இந்த வருடம் அவள் வேண்டாம் என்றாள். ப்ளஸ் ஒன் வந்ததும் எல்லாம் டேப்லெட்டில்தான். சரி, நானே எழுதிப் பார்க்கலாம்.

இன்று ஆஸ்பத்திரியில் பயாப்சிக்குப் பெயர் பதியும் நாள். ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேருக்கு வருகிற வெள்ளி, மற்ற நான்கு பேருக்கு இருபத்து மூன்றாம் தேதி. எல்லாரும் அறுபதை ஒட்டியவர்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறது, புராஸ்டேட்டில் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் நவநீதன் எழுதிக் கொடுத்தவர்கள். ஆளுக்கு ஒரு படிவம், எட்டு கேள்வி. சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, ஆறு மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, இந்த மாதிரி. எல்லாரிடமும் எல்லாம் கேட்டு முடித்தேன்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பி, ஒரு மணிக்குத் தர்ஷினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். போன இரண்டு கூட்டத்துக்கும் நான் போகவில்லை. கெமிஸ்ட்ரியில் மட்டும் கவனம் தேவை என்றார் டீச்சர். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம்.

ஜனவரி 9, வெள்ளி

பயாப்சி நாள். ஐந்து பேரும் நேரத்துக்கு வந்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக், அப்புறம் ஆசனவாய்க்குள் அயோடின் மருந்தால் சுத்தம் செய்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த வழியாகத்தான் ஸ்கேன் கருவியைச் செலுத்தி, ஊசியால் பன்னிரண்டு இடத்தில் சதை எடுக்கிறார்கள். குடல் இருக்கும் இடம் என்பதால் கிருமி ரத்தத்துக்குப் போய்விடக்கூடாது. அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஊசி ஒவ்வொருவருக்கும் புதுசு. ஸ்கேன் கருவியைக் கழுவி, கிருமிநாசினியில் இருபது நிமிடம் ஊறப்போட்டு எடுப்பது ஆறுச்சாமியின் வேலை. பதினெட்டு வருடமாக இங்கே அட்டெண்டர். போட்ட நேரம், எடுத்த நேரம் இரண்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பார்.

காங்கயத்திலிருந்து வந்த சென்னியப்பன் கொஞ்சம் பயந்திருந்தார். அறுபத்து நாலு வயது. அரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவராம். ஊசித் துப்பாக்கி டொப்பென்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். முடிந்து எழுந்ததும் சிரித்தார்.

"மூட்டைக்குள்ள குத்தூசி விட்டு அரிசி எடுத்துப் பார்ப்போமுங்க சிஸ்டர். அதையேதான் எனக்கும் பண்ணிப்போட்டீங்க."

இரண்டு மூன்று நாளைக்கு சிறுநீரில் ரத்தம் தெரியலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிறுநீர் போகாமல் அடைத்தாலும் அந்த நிமிடமே வர வேண்டும். இதை அவரிடம் சொன்னேன், அவர் மனைவி பாவாயம்மாளிடமும் சொன்னேன்.

ஜனவரி 10, சனி

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு நாளைக்கு என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

இரண்டாம் நாள் எல்லாரையும் போனில் விசாரிப்பது வழக்கம். லீவாக இருந்தாலும் வீட்டிலிருந்து செய்துவிடுவேன். நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

சென்னியப்பன் கடைசி. "நல்லா இருக்கறனுங்க" என்றார். ஆனால் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.

"குளுருதுங்களா?"

"மார்கழி பாருங்க. குளுராம இருக்குமா?"

போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். காலையிலிருந்து உடம்பு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது, இரண்டு தடவை காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன் என்று பாவாயம்மாள் சொன்னார். பொங்கல் நோம்பி முடிந்ததும் அழைத்து வரட்டுமா என்று கேட்டார். இப்போதே, இந்த நிமிடமே வண்டி பிடியுங்கள் என்றேன். குரலை உயர்த்திவிட்டேன் போல. அடுப்படியில் இருந்த தர்ஷினி எட்டிப் பார்த்தாள்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ரத்த அழுத்தம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. என்ன கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஐ.சி.யு.வில் சேர்த்தோம்.

நல்ல வேளை போன் பண்ணீங்க என்றார் டாக்டர்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் மேட்ரன் அறையில் விசாரணை. டாக்டர் நவநீதனும் இருந்தார். சென்னியப்பனின் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "சர்க்கரை இல்லை. ஆன்டிபயாடிக் எடுக்கலை. முன்னாடி இன்ஃபெக்ஷன் வந்ததில்லை. இவருக்கு ஏன் வரணும்?"

என்னைக் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டார்.

அடுத்து ஆறுச்சாமியின் நோட்டு. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மூன்றாவது வரியில் போட்ட நேரம் இருக்கிறது, எடுத்த நேரம் இல்லை. மேட்ரன் அந்த வரியில் விரலை வைத்தார். ஆறுச்சாமியைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"ஸ்ட்ரெச்சர் தள்ளக் கூப்பிட்டாங்கம்மா. வந்து எடுத்துட்டேன், எழுதத்தான் மறந்துட்டேன். இருவது நிமிஷத்துக்கு மேலயே ஊறுச்சுங்க."

"எழுதாட்டி செய்யலைன்னுதான் அர்த்தம்" என்றார் மேட்ரன். விசாரணை முடியும்வரை அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். போகும்போது வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே ஈரத்தில் கெட்டுவிடும் என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன்.

மோட்டார் ஓடுகிறது. கண்டென்சர் போயிருந்ததாம்.

ஜனவரி 13, செவ்வாய்

கல்ச்சர் வந்துவிட்டது. குடலில் இருக்கிற கிருமிதான், ஈகோலை. ஆனால் நாங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாதது. வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

"அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டா சாகறதெல்லாம் செத்து, சாகாத கிருமி மட்டும் குடல்ல தங்கிடும்" என்று டாக்டர் விளக்கினார். "தெரிஞ்சிருந்தா ஆசனவாய்ல பஞ்சுக்குச்சியால தடவி ஸ்வாப் எடுத்துப் பார்த்து, அதுக்குத் தகுந்த மருந்து குடுத்திருப்போம். இவர் எடுக்கலைன்னு சொல்லியிருக்காரே. வயசானவர், மறந்திருப்பார்."

"ஆமாங்க டாக்டர்" என்றேன்.

முன்னால் போன நோயாளியிடமிருந்து கருவி வழியாக ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது என்றார் மேட்ரன். ஆகவே ஆறுச்சாமி சலவையிலேயே இருக்கிறார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தர்ஷினியின் அப்பா திருப்பூரிலிருந்து நேற்று ராத்திரியே வந்துவிட்டார். பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லீவு நாளில் என்ன அவசரம் என்று அவர் கேட்டார். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

சென்னியப்பனுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஐ.சி.யு. வாசலில் பாவாயம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐந்து நாளாக அந்த நாற்காலிதான். பொங்கலை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டார்.

டாக்டர் வந்து கேட்டாராம், சமீபத்தில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று. "தீவாளியிலிருந்து சளி இருமலுன்னு மூணு தடவை மருந்துக் கடையில வாங்கித் தின்னாருன்னு சொன்னனுங்க. மறந்துட்டாரு போலன்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாரு." மடியிலிருந்த பையைத் திறந்து காலி அட்டைகளைக் காட்டினார். மூன்றும் ஆன்டிபயாடிக். "பேரு பதிய வந்த அன்னைக்கும் இதையெல்லாம் எடுத்துட்டுத்தானுங்க வந்தேன். கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். கேக்கலை, செரி, தேவையில்லை போலன்னு இருந்துட்டேன்."

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. தன்மேல்தான் தப்பு என்பதுபோலச் சொன்னார்.

போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 17, சனி

இரண்டாம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியது பொய்.

அன்று முதல் நான்கு பேரிடம்தான் கேட்டேன். ஐந்தாவது ஆள் வரும்போது மணி பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். பெயர், வயது, ஊர் மட்டும் கேட்டு எழுதிவிட்டு, இல்லை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்தேன். கேட்டுப் போட்ட படிவத்தில் எட்டு டிக் இருக்கும். கேட்காமல் போட்டதில் ஒரு நீளக் கோடு. பார்த்தாலே தெரியும். டாக்டருக்குச் சந்தேகம் தோன்றவில்லை, ஏனென்றால் என் கையெழுத்து இருந்தது.

அப்படி ஐந்து படிவம். சென்னியப்பன் கடைசி. பாவாயம்மாள் பையோடு பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்த ஞாபகமே இல்லை.

அன்று ராத்திரி எல்லாரிடமும் எல்லாம் கேட்டேன் என்று எழுதினேன். எழுதும்போதே தெரியும். நானே எழுதி நானே படிக்கிற டைரியில் யாருக்காக அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

அந்த ஐந்தில் இன்னொருவருக்கும் பயாப்சி முடிந்துவிட்டது. அவர் நன்றாக இருக்கிறார். மீதி மூன்று பேருக்கு வருகிற வெள்ளிக்கிழமை. ஸ்வாப் எடுத்தால் முடிவு வர மூன்று நாள் ஆகும்.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்று பேருக்கும் போன் செய்து எட்டு கேள்வியும் கேட்டேன். ஒருவருக்கு எல்லாமே இல்லைதான். ஒருவர் இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார். அது தெரியாமல் ஊசி போட்டிருந்தால் ரத்தம் நிற்காமல் போயிருக்கும். மூன்றாவது ஆள் பவானிக்காரர் அப்துல் ரஷீத். பல் பிடுங்கியதற்கு நவம்பரில் ஐந்து நாள், புண் ஆறவில்லை என்று டிசம்பரில் மறுபடி ஏழு நாள் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கிறார்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமேம்மா?" என்றார்.

"கேட்டிருக்கணும் பாய். நான் கேக்கலை."

ஸ்வாப் எடுக்க நாளைக் காலையில் வரச் சொன்னேன். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்றேன். ஸ்வாப் எடுக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். ஏன் என்று கேட்பார்.

தர்ஷினியின் அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் சொன்னேன். பைக்குள் துணியை வைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "வேலை போயிடுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, காலையில் போகிறேன் என்று இருந்துவிட்டார்.

ஜனவரி 19, திங்கள்

ஓ.பி. தொடங்கும் முன் டாக்டர் அறைக்குப் போனேன். படிவங்களை மேசையில் வைத்தேன். முதல் நான்கையும் ஒரு பக்கம், அடுத்த ஐந்தையும் ஒரு பக்கம்.

"சென்னியப்பன் மறக்கலைங்க டாக்டர். நான் கேக்கலை."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஃபேன் காற்றில் ஒரு தாள் பறந்தது, நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த ஒரு நாள்தானா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். "இல்லைங்க. போன வருஷம் ரெண்டு மூணு தடவை, கடைசியா வர்றவங்களுக்கு இப்படிப் பண்ணியிருக்கேன்."

"அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை."

"ஆமாங்க."

"அதனால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டீங்க."

டாக்டர் ரஷீத் பாயின் ஸ்வாப்புக்குக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரைத் தள்ளிவைத்து, இதய டாக்டரைப் பார்த்து வரச் சொன்னார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "மேட்ரன்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

நானே சொன்னேன். மேட்ரன் திட்டவில்லை. எழுதித் தரச் சொன்னார். மெமோ வந்தது. பிப்ரவரியிலிருந்து பொது வார்டு, ஒரு வருடத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. வேலை இருக்கிறது.

மத்தியானம் சலவைப் பிரிவுக்குப் போனேன். ஆறுச்சாமி போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடித்து முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பன்னெண்டாந்தேதி நான் மேட்ரன் ரூம்ல நின்னப்ப, நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேனுங்க."

"அப்பவே தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்."

அடுத்த போர்வையை எடுத்தார். மேட்ரன் உங்களைப் பழையபடி பயாப்சி ரூமுக்கே வரச் சொல்லியிருக்காங்க என்றேன். "இங்கயே இருந்துக்கறனுங்க" என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

சென்னியப்பனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் பாவாயம்மாளிடமும் நடந்ததைச் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டேதான் சொன்னேன்.

பாவாயம்மாள் தன் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அஞ்சாறு நாளா நாந்தான் சொல்லாம விட்டுப்போட்டேன்னு அழுதுட்டு இருந்தனே. நோம்பியன்னைக்குப் பொங்கல் கொண்டாந்து குடுத்தீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருக்கணுமுங்க."

எழுந்து வெளியே போய்விட்டார். சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க போங்க சிஸ்டரு. அவ வந்தா எதாச்சும் பேசிப்போடுவா" என்றார்.

ஜனவரி 22, வியாழன்

ரஷீத் பாயின் ஸ்வாப் முடிவு வந்தது. சென்னியப்பனுக்கு வந்த மாதிரியே, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. கட்டுப்படுகிற மருந்தைத் தேர்ந்து எழுதியிருக்கிறார் டாக்டர்.

அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

மூன்று பேருக்கு பயாப்சி நடந்தது. புதிதாக வந்த பையனுக்குக் கருவி ஊறவைக்கச் சொல்லிக் கொடுக்க ஆறுச்சாமி ஒரு மணி நேரம் வந்தார். அவனிடம் பேசினார், டாக்டரிடம் பேசினார். என்னிடம் வேலை சம்பந்தமாக மட்டும்.

படிவத்தை மாற்றுகிறார்கள். இனி டிக் போடும் கட்டம் கிடையாது. நோயாளி சொல்லும் பதிலை எழுத்தாக எழுத வேண்டும், வீட்டு ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். ஆசனவாய் வழியைவிட்டு, அதற்கு முன்பக்கத்துத் தோல் வழியாக ஊசி செலுத்தும் முறைக்குக் கோடைக்குள் மாறிவிட வேண்டும் என்கிறார் டாக்டர். அதில் குடலைத் தொட வேண்டியதில்லை, கிருமி ஏறுவது வெகுவாகக் குறையுமாம். அந்தப் பயிற்சிக்குப் போகும் நர்ஸ் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மூன்று பேரையும் போனில் விசாரித்தேன். ரஷீத் பாய் பேரனோடு கடைவீதியில் இருந்தார். காய்ச்சல் இல்லை.

தர்ஷினிக்குக் கெமிஸ்ட்ரி யூனிட் டெஸ்ட்டில் நாற்பத்தொன்று. ஐம்பதுக்கு.

பிப்ரவரி 6, வெள்ளி

பொது வார்டில் ஐந்தாம் நாள். இருபத்திரண்டு கட்டில், இரண்டு நர்ஸ். பதினொரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் பாவாயம்மாள் நிற்பதைப் பார்த்தேன். ட்ரேயை வைத்துவிட்டுப் போனேன்.

"உங்களை மேலயெல்லாம் தேடிட்டு வர்றேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ரிசல்ட் வாங்க வந்தமுங்க. கேன்சர் இருக்குதாம். ஆனா சின்னது, மெதுவா வளர்றது, இப்ப வைத்தியம் வேண்டாம், அப்பப்ப ரத்தம் பாத்துட்டு இருக்கலாமுன்னு சொல்லிப்போட்டாரு டாக்டர். ஒரு வருஷம் கழிச்சு இன்னொருக்கா சதை எடுத்துப் பாக்கோணுமாம். இவரு முடியாதுங்கறாரு. செத்தாலும் பரவால்லை, அந்த ரூமுக்கு வரமாட்டேன்னு கீழ உக்காந்துட்டு இருக்கறாரு. நீங்க வந்து சொல்லுங்க."

"நான் சொன்னா எப்படிங்க கேப்பாரு? என்னாலதானே இத்தனையும்."

"அதுக்குத்தான் கூப்படறேன். மத்தவங்க எல்லாம் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொல்றாங்க. அதை அவரு நம்பறதில்லை. தப்பு எம்மேலன்னு நேர்ல வந்து சொன்னது நீங்க ஒருத்தருதான்."

கூட இருந்த நர்ஸிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரில், துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவரே கேட்டார். "நூறு பேருக்குப் பண்ணுனா எத்தன பேருக்கு எனக்கு வந்தாப்பல வருமுங்க?"

"இப்பப் பண்ற முறையில ரெண்டு மூணு பேருக்கு வரலாமுங்க. எல்லாம் ஒழுங்காக் கேட்டு, தகுந்த மருந்து குடுத்தா இன்னும் குறையும். வர்ற வருஷம் உங்களுக்குத் தோல் வழியா எடுப்பாங்க, அதுல ரொம்பவே குறைச்சல்."

"வராதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டேனுங்க."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மருந்து ஜன்னலில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். பாவாயம்மாள் கொஞ்சம் தள்ளித் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"பண்ணாம விட்டா?"

"அது வளர்றது தெரியாமயே போயிடலாம். இப்பக் கைக்குள்ள இருக்கற நோய் அப்பறம் கைமீறிடும்."

அவர் ஆலையில் மூட்டைகளைப் பார்த்த மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. எந்த மாசமுன்னு அந்த ரிசல்ட் சீட்டுல எழுதிக் குடுங்க" என்றார்.

என்னிடம் பேனா இருந்தது. எழுதிக் கொடுத்தேன்.